ஓம் கடுதாசி

ஜுனைதா நோன்பு பிடித்திருந்த திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணியளவில், அந்த ஜீப்பை முழுதாகப் பார்வையிட்டு முடித்து, ஆம், அசல்தான் என்ற பொருளில் "ஓம்" என்று சொன்னாள்.

அவள் ஓமென்றால் சிலாபத்திலிருந்து கொழும்புவரை பழைய இராணுவ வாகனங்களை வாங்குவோர் மறுபேச்சுப் பேசுவதில்லை. முந்தலில், புத்தளம் வீதியின் ஓரத்தில், அவளுடைய கணவன் அபூசாலியின் கராஜ் இருந்தது. வாகனத்தைத் தேடிக் கொணர்வதும், பிரித்துப் பூட்டுவதும், பேசி விற்பதும் அபூசாலியின் பணிகள். எது தொழிற்சாலையிலேயே பிறந்த உறுப்பு, எது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்தறிவது ஜுனைதாவின் பணி. அதை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கலியாணம் முடித்த புதிதில், கழற்றிப் போட்ட உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பதற்காகவே அவள் கராஜுக்குள் வந்தாள். அழுக்குப் போனதும் அவற்றில் எழுத்துத் தெரிந்தது. உலகப் போர்க் காலத்து ஃபோர்ட் ஜீப்பொன்றின் போல்ட்டுத் தலைகள் ஒவ்வொன்றிலும் சின்னஞ்சிறிய 'எஃப்' எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்ததை முதலிற் கண்டவள் அவளே. அன்று தொடங்கிய வாசிப்பு பதினெட்டு ஆண்டுகளாகத் தொடர்ந்தது. போல்ட்டை வாசித்தாள்; இலக்கத்தை வாசித்தாள்; பூச்சின் மேல் பூச்சாகப் படிந்துகிடந்த காலத்தை வாசித்தாள்.

வாசித்து முடித்தபின் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பாள். அதற்கு அவள் பெயரேதும் வைக்கவில்லை. வாங்குவோரே அதனை 'ஓம் கடுதாசி' என்றழைத்தனர்.

அன்று வாங்க வந்திருந்தவர் உடப்பைச் சேர்ந்த முத்துலிங்கம். மூன்று கரைவலைக்கும் நிறையத் தென்னைக்கும் உடையவர். பழைய ஜீப் என்றால் தம்மை மறப்பவர். ஏற்கெனவே அபூசாலியிடம் வாங்கிய இரண்டு ஜீப்புகள் அவருடைய கொட்டிலில் நின்றன. மூன்றாவதைக் கொழும்பிலே நடக்கவிருந்த பழைய வாகனக் கண்காட்சிக்குக் கொண்டுபோக எண்ணியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் ஒவ்வோர் ஆணியையும் புரட்டிப் பார்ப்பார்களாம்.

"என்ன தங்கச்சி, ஓமோ இல்லையோ? கெதியாச் சொல்லு. எனக்கு நெஞ்சு இடிக்குது. பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கும் இப்பிடி இடிக்கயில்லை."

"லட்சுமியக்காட்ட செல்லவா அண்ணன்?"

"சொல்லு, சொல்லு. என்ட மனிசிக்குத் தெரிஞ்ச சங்கதிதான்."

அவள் சிரித்தாள். எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொன்னாள். முத்துலிங்கம் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"கேட்டியா அபூசாலி? எங்கட கோயில்ல ஐயர் நூத்தெட்டு ஓம் சொல்லுவார். எனக்கு உன்ட வீட்டுக்காரிட ஒரு ஓம் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"கோயிலையும் கராஜையும் ஒண்டாக்காதீங்க ஐயா," என்று அபூசாலி சிரித்தான். சிரித்தவன் மனைவியின் முகத்தை ஒரு கணம் பார்த்தான். அது பெருமிதப் பார்வையென்று ஜுனைதா எண்ணினாள். எண்ணியதில் பிழையில்லை, எதைக் குறித்த பெருமிதம் என்பதில்தான் பிழையிருந்தது.

புதன்கிழமை லொறியோடு வருவதாகச் சொல்லி முத்துலிங்கம் புறப்பட்டார்.

அன்று முழுவதும் ஜுனைதாவின் உள்ளம் குளிர்ந்திருந்தது. ஜீப்பினால் மட்டுமன்று. ரமழானில் விட்டுப்போன ஆறு நோன்புகளை அவள் மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தாள். ஞாயிறன்று அபூசாலிதான் அதை நினைவூட்டினான்.

"கழா நோன்பு கிடக்குது, கிடக்குது எண்டு செல்லிக்கொண்டே இரிக்கிறாய். நாளைக்குத் தொடங்கு. சஹருக்கு நான் எழுப்புறன்."

சொன்னபடியே விடியுமுன் சாப்பிட எழுப்பினான். அவள் முகங்கழுவி வருமுன் முட்டை அவித்து, பாணை வெட்டி, தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தான். "நீ இரி புள்ள," என்று கதிரையை இழுத்துப் போட்டான். பதினெட்டு ஆண்டில் அடுப்படிக்குள் அவன் அவ்வாறு நின்றதை அவள் கண்டதில்லை. இறைவனிடம் துஆக் கேட்கையில் அவனுடைய பெயரைச் சேர்த்துக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் நோன்பு பிடிக்கவில்லை. விட்ட நோன்புகளை அடுத்தடுத்த நாளிற் பிடிக்கவேண்டும் என்றில்லை. அபூசாலி புத்தளத்துக்குப் போய்விட்டான். விறாந்தையிலிருந்த மேசையில் அமர்ந்து, ஓம் கடுதாசியை எழுதத் தொடங்கினாள்.

செஸியின் இடப்பக்கச் சட்டத்தின் மேல், அதிர்வுதாங்கியின் அருகே உள்ள இலக்கம்: கண்டேன். எஞ்சின் கட்டையில், எண்ணெய் வடிகட்டியின் பின்னேயுள்ள இலக்கம்: கண்டேன், இரண்டும் ஒன்றே. முகத்தின் ஒன்பது பிளவுகள்: கண்டேன். போல்ட்டுகளில் எழுத்து: கண்டேன். செந்நிற அடிப்பூச்சு, அதன்மேல் மினுக்கமில்லாத இராணுவப் பச்சை, அதன்மேல் சாம்பல்: கண்டேன்.

கடைசி வரி உப்பு. உப்பளம் கண்ட ஜீப்பானால் அந்த வரியில் அவள் எப்போதும் 'நாவிற் கண்டேன்' என்றே எழுதுவாள். பேனா அவ்விடத்தில் நின்றது.

போர்க் காலத்தில் பாலாவியிலிருந்த விமானத் தளத்தில் ஓடிய ஜீப்புகளிற் சில, போர் முடிந்ததும் ஏலத்திற் போய், உப்பளங்களில் உப்புச் சுமந்தன. பாத்தியிலிருந்து வாரிய ஈர உப்பு அவற்றின் பொருத்துகளிலும் சந்துகளிலும் புகுந்தது. பிறகு தோட்டக்காரர் வாங்கிக் கழுவாமலே சாம்பல் நிறம் பூசினர். ஆகவே பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவே, எழுபது ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் உப்பு மணிகள் இருக்கும். அவை கிடைத்தால் அவ்வாகனம் இந்தக் கரையில் வாழ்ந்தது உறுதி. பின்விளக்கைத் தாங்கும் தகட்டைக் கழற்றி, அதன் உட்புறத்தில் நகமளவு சுரண்டி, பூதக்கண்ணாடியால் பார்த்து, பின் நாவில் வைத்துத் துப்புவாள். தகட்டின் உட்புறத்தை எவரும் சுரண்டிப் பூசுவதில்லையாதலால் அதுவே அவளுடைய இடம். அவ்விடத்தை அறிந்தவர் அவளும் கணவனும் மட்டுமே.

நேற்று நோன்பு. கண்ணாடிக்குள் மணிகள் பளிச்சென்று தெரிந்தன. நாவில் வைக்கவில்லை. வைத்துத் துப்பினால் நோன்பு முறியாதென்று சிலர் சொல்வர். அவளுக்கு அந்தச் சலுகையில் மனமில்லை. 'கண்ணிற் கண்டேன்' என்று எழுதினாலும் கேட்பார் யாருமில்லை. ஒரு சொல்லை மாற்ற எவ்வளவு நேரமாகும்? ஆயினும் அவளுடைய கை அச்சொல்லை எழுத மறுத்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

தகட்டைக் கழற்றினாள். ஒரு செதிளைச் சுரண்டி நாவின் நுனியில் வைத்தாள். உப்புக் கரித்தது.

கரித்த பிறகு வரவேண்டியது வரவில்லை.

அவள் காத்திருந்தாள். துப்பிவிட்டு, மறுபக்கத்துத் தகட்டையும் கழற்றி, வேறொரு செதிளை வைத்தாள். உப்புத்தான், வெறும் உப்பு.

தொண்ணூறில், போரின்போது, முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது ஜுனைதாவுக்கு வயது பதின்மூன்று. அகதிக் குடிசை புத்தளத்து உப்பளத்தின் விளிம்பில் இருந்தது. பெண்கள் கூலிக்கு உப்பு வாரினர், அவளும் வாரினாள். பாத்தியிலிருந்து அள்ளிய உப்பைக் குவித்து, தென்னோலைக் கிடுகால் மூடி, ஒரு மாரி கழியும்வரை வைப்பார்கள். அதுவரை அதை எவரும் கறிக்குப் போடார். புத்துப்பு முதலிற் கரிக்கும். பின்னர் நாவின் அடியில் மெல்லக் கைக்கும். மழைநீர் பட்டுப்பட்டு அந்தக் கைப்பு ஒழுகிப்போன பின்னரே உப்பு உணவாகும். பாத்தியிலிருந்து நேரே ஜீப்பில் ஏறிய உப்பு, பூச்சுக்குள் அடைபட்டு, எந்த மழையையும் கண்டிராது. அவள் சோதித்த உப்பளத்து ஜீப்புகளில் அந்தக் கைப்பு இருந்தது. நாவில் வைத்துப் பார்ப்பதை அபூசாலியிடம் சொல்லியிருந்தாள். எந்தச் சுவைக்காகக் காத்திருக்கிறாள் என்று அவன் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

இந்த உப்போ மழை கண்ட உப்பு. கழுவிப் பொதியிலடைத்துக் கடையில் விற்கும் உப்பு.

ஜுனைதா சமையலறைக்குப் போய், போத்தலைத் திறந்து, ஒரு கிள்ளு எடுத்து நாவில் வைத்தாள். தனக்குத் தெரிந்ததை நிச்சயப்படுத்திக்கொள்ள அல்ல; தெரியாமலிருக்க இன்னும் ஒரு வழி உண்டா என்று பார்க்கத்தான். வழி இருக்கவில்லை.

அதன்பின் அவளுடைய கால்கள் தாமாகவே மேசைக்குப் போயின. அதன் கீழ் லாச்சியை இழுத்தாள்; உள்ளே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. செத்துப்போன ஜீப்புகளிலிருந்து அவள் கழற்றிச் சேர்த்த 'எஃப்' போல்ட்டுகள் அதில் இருந்தன. உண்மையான வாகனத்தில் ஒன்றிரண்டு குறைந்தால் நிரப்புவதற்காகச் சேர்த்தவை. டின் கனமாகத்தான் இருந்தது. மேலேயிருந்த இரண்டு கைப்பிடியளவு போல்ட்டுகளில் எழுத்து இருந்தது. அடியிலிருந்தவை கடையில் வாங்கிய புதியவை. தலைகள் வெறுமையாக மின்னின.

அவ்வேளையில் பீற்றர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினான். புனித அன்னம்மாவின் தேவாலயமுள்ள தலவிலையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், அபூசாலிக்கு நெடுநாட் கூட்டாளி. கடந்த ஓராண்டாக அபூசாலி கிழமைக்கு இரண்டு நாள் அவனுடைய பட்டறைக்குப் போய்வந்தான். படகு எஞ்சின் வேலையென்று சொல்வான். அந்த நாட்களில் இருவருக்குமாகச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தவள் ஜுனைதா.

"அக்கா, ஓமெண்டுட்டீங்களாமே! அபூசாலிக் காக்கா கோல் எடுத்தார். எனக்கு எண்டா நித்திரையே இல்லை." அவன் முகம் ஒளிர்ந்தது. "நம்பர் எப்பிடி? அந்த மூண்டாம் இலக்கம்? அக்கா சொன்ன மாதிரியே சரிச்சு அடிச்சனான்."

ஜுனைதா டின்னின் மூடியை மெல்ல மூடினாள்.

"நான் சொன்ன மாதிரி?"

"ஓம். அந்தக் காலத்தில கையால அடிச்சது, ஒண்டாவது சரியும், நேரா இருந்தாத்தான் சந்தேகப்படோணும் எண்டு அக்கா சொன்னதாமே. பிறகு அசிட் தடவி ரெண்டு மாசம் கடக்கரையில போட்டம். லைட்டுக்குப் பின்னால மூண்டு பூச்சும் அக்கா சொன்ன ஒழுங்குதான். சாமி சத்தியமா, எங்கட மூண்டு பேரிட வேலையில இதுக்கு மிஞ்சி ஒண்டும் இல்லை."

"மூண்டு பேர்," என்றாள் ஜுனைதா.

அவளுடைய குரலில் எதையோ கேட்டுப் பீற்றர் நிமிர்ந்தான். மேசைமேற் பாதி எழுதிக் கிடந்த தாளைப் பார்த்தான். டின்னைப் பார்த்தான். முகத்தின் ஒளி அணைந்தது.

"அக்காக்குத் தெரியாதா?"

அவள் டின்னை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தாயே, அன்னம்மா!" தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி இரு கையாலும் பிசைந்தான். "அக்காட யோசனைதான் எண்டு சொன்னார். அக்கா சேந்தபடியாத்தான் நானும் சேந்தன். இல்லாட்டி..."

"செஸி எதுட?"

"உலகச் சண்டை முடிஞ்ச பிறகு வந்த ஒரு தோட்டத்து ஜீப்புட. மேல உள்ள பொடி தகரம் அடிச்சு நாங்களே செய்தது. எஞ்சின் மட்டும் அசல் அக்கா. எஞ்சின் பொய்யில்லை."

எதை எடுக்க வந்தானோ அதை எடுக்காமலே போய்விட்டான்.

ஜுனைதா மீண்டும் அந்தக் கதிரையில் அமர்ந்தாள். அவள் சினங்கொள்ளவில்லை, சினத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. பதினெட்டு ஆண்டில் கணவனோடு பேசிய பேச்சுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து நின்றன. சோறு பரிமாறுகையில் சொன்னது, மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னது, 'இதைக் கேளுங்களேன்' என்று அவனுடைய தோளைத் தட்டிச் சொன்னது. கேட்டுக்கொண்டிருந்தவனின் முகத்தில் வியப்பைத்தான் அவள் கண்டிருந்தாள். அவளுடைய சொல்லையெல்லாம் அவன் மறவாமல் வைத்திருந்தான். எந்தக் கணவன் அவ்வளவு கவனமாகக் கேட்பான் என்று முன்னர் மகிழ்ந்திருந்தாள்.

வாங்குவோர் கண்ணுக்காகச் செய்யும் போலி உலகில் ஆயிரம் உண்டு. இது ஒருத்தியின் கண்ணுக்காக மட்டுமே செய்யப்பட்டது. எவரும் பாராத தகட்டின் உட்புறத்தில், அவள் மட்டுமே வாசிக்கும் இடத்தில், அவளுக்கென்றே எழுதப்பட்டிருந்தது.

நண்பகலில் அபூசாலி வந்தான். அவள் சோறு போட்டாள். அவன் கைகழுவி வந்து அமர்ந்ததும், சிறிய பீங்கான் தட்டொன்றை முன்னே நகர்த்தினாள். அதில் நகமளவு பூச்சுச் செதிள் கிடந்தது.

"நாக்குல வெச்சுப் பாருங்க."

அவன் செதிளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமலே எடுத்து வைத்தான்.

"உப்பு."

"என்ன உப்பு?"

"என்ன உப்பெண்டா? உப்பு உப்புத்தானே புள்ள!"

"இல்ல," என்றாள் அவள். "அது உங்களுக்குத் தெரியாமப் போனதாலதான் எனக்குத் தெரிய வந்திச்சு."

வீதியில் ஒரு பஸ் இரைந்து போயிற்று. அபூசாலி சோற்றில் வைத்த கையை எடுத்தான்.

"பீற்றர் வந்தானா?"

"வந்தான். நாங்க மூண்டு பேரும் சேந்து செஞ்ச வேலையாம். என்னையும் கூட்டாளியாக்கி வெச்சிரிக்கிறீங்க."

"அவன் சேர மாட்டனெண்டான். அதான் ஒரு சொல்லுக்கு..." அவன் தொண்டையைச் செருமினான். "இஞ்ச கேளு புள்ள. நான் உன்னப் பொய் செல்லச் செல்லல்லையே? நீ செல்ல மாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் பொய்ய உன்ட வாய்க்குக் கிட்டவும் கொண்டு வரல்ல. நீ பாத்தாய். மனசறிய ஓமெண்டாய். உன்ட பக்கம் சுத்தம். குனாஹ், பாவம் எண்டா அது எனக்கு."

அவன் அதை நம்பிச் சொன்னான். அதுவே அவளைத் திகைக்க வைத்தது. அவளுடைய வாய்மையை அவன் மதித்தான்; ஒரு நல்ல ஸ்பானரை மதிப்பதுபோல் மதித்தான். துரு ஏறாமல் துடைத்து வைத்து, வேண்டிய நாளில் எடுத்திருந்தான்.

"சஹருக்கு ஏன் எழுப்பினீங்க?"

அபூசாலி விரல்களில் ஒட்டிய பருக்கைகளை வழித்தான்.

"கேக்கிறன். ஏன் எழுப்பினீங்க?"

"கண்ண ஏமாத்தலாம் புள்ள," என்றான் அவன், மிகத் தாழ்ந்த குரலில். "உன்ட நாக்குலதான் எனக்குப் பயமிரிந்திச்சு. புதுப் பெயின்டு காட்டிக் குடுத்துருமோ எண்டு."

முட்டை அவித்த அந்தக் கையை அவள் பார்த்தாள். அவனுடைய பெயரைச் சேர்த்து அவள் கேட்ட துஆ நினைவுக்கு வந்தது.

"அல்லாஹ்வுக்கெண்டு பிடிச்ச நோன்பு. அதையும் ஒரு சாமானா எடுத்து வேலைக்குப் போட்டுட்டீங்க."

"நோன்பு நிறைவாக் கூடித்தானே போச்சு! நான் முறிக்கல்லையே!"

"ஏன் இதெல்லாம்? கஷ்டமா நமக்கு? என்ன குறஞ்சு போச்சு?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். கண்ணில் அச்சம் போய் வேறொன்று வந்திருந்தது.

"கராஜ் ஆருட பேர்ல? என்ட பேர்ல. வாறவன் என்ன கேக்கிறான்? 'அவ பாத்தாவா? அவ ஓமெண்டாவா?' பதினெட்டு வருசம். என்ட கை பூட்டினத ஆரும் பாக்கல்ல. உன்ட கண் பாத்ததத்தான் பாத்தான். ஒரு தரம், ஒரே ஒரு தரம், உன்ட கண்ணுக்கு முன்னால என்ட கை நிக்குமா எண்டு பாக்க நெனச்சன்." குரல் உயர்ந்தது. "நிண்டுச்சு புள்ள! நீ படுத்துக் கிடந்து, லைட் அடிச்சு, கண்ணாடி வெச்சுப் பாத்தாய். நிண்டுச்சு!"

"ஓம், நிண்டுச்சு," என்றாள் அவள். "அத என்னட்டச் செல்லி இருந்தா, ஒவ்வொரு போல்ட்டாக் கழட்டி உங்கட கையத்தான் பாத்திருப்பன். கெட்டிக்காரன் எண்டு ஊரக் கூட்டிச் செல்லி இருப்பன். ஏன் விலைக்கு வெச்சீங்க?"

"நீ ஓமெண்டாப் பிறகு நான் எப்பிடி இல்லையெண்டுறது?"

அவன் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து, அவளருகே வந்து நின்றான்.

"கடுதாசி எழுத வேணாம். ஒண்டுமே செல்லவும் வேணாம். ஐயா வாய்ச்சொல்லே காணுமெண்டுட்டார். நாளைக்கு அவர் வரக்குள்ள நீ உள்ளுக்கு இரி. பேசாம இருக்கிறது பொய்யில்லத்தானே?"

அவள் எழுந்து, அவன் உண்ணாத சோற்றை மூடி வைத்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு லொறி வந்தது. முத்துலிங்கம் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக இறங்கினார். ஜீப்பின் கழுத்துக்குப் போட ஒரு மாலை கையில் இருந்தது. அபூசாலி முன்னே சென்று வரவேற்றான். பலகையைச் சாய்த்து வைக்கச் சொல்லி லொறிக்காரனை அவசரப்படுத்தினான்.

ஜுனைதா உள்ளே இருக்கவில்லை.

"அண்ணன், பலகைய எடுக்கச் செல்லுங்க. திங்கக்கிழமை நான் ஓமெண்டதத் திருப்பி எடுக்கிறன்."

முத்துலிங்கம் சிரிக்க ஆயத்தமானார். அவள் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி இது? சொன்ன சொல்லைத் திருப்புறதோ?"

அபூசாலி இடையில் வந்தான். "நேத்துல இருந்து அவக்குச் சுகமில்ல ஐயா. நோன்பு பிடிச்சு உடம்பு தாங்கல்ல. நித்திரையும் இல்ல. என்னமோ செல்றா. நீங்க ஏத்துங்க."

ஜுனைதா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். நேற்று நிகழ்ந்தது வீட்டுக்குள் நிகழ்ந்தது. இது பிறர் முன்னிலையில், வெயிலில், அவள் காது கேட்க நிகழ்ந்தது. நோன்பு இரண்டாம் முறையும் அவனுக்குக் கருவியாயிற்று. இதுவரை இடமின்றி நின்றிருந்த சினம் இப்போது வந்தது. ஆனால் அது அவளுடைய குரலை உயர்த்தவில்லை.

ஜீப்பின் முன்புறத்தில் தொடங்கினாள். ஒவ்வோர் உறுப்பின் மேலும் கையை வைத்து, உள்ளது உள்ளபடி சொல்லிக்கொண்டே போனாள். எஞ்சின் அசல். எஞ்சின் இலக்கம் அசல். செஸி வேறு வாகனத்தது. அதன் இலக்கம் போன வருடம் அடித்தது. உடல் புதுத் தகரம். போல்ட்டுகள் எல்லாம் அசல்; ஆனால் அவை இதன் போல்ட்டுகள் அல்ல, அவளுடைய மேசை லாச்சியில் இருந்தவை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பல மெய். சேர்த்துப் பார்த்தால் ஒரு பொய். பின்விளக்குத் தகட்டைக் கழற்றி, ஒரு செதிளைச் சுரண்டி, முத்துலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாயில வெச்சுட்டுத் துப்புங்க அண்ணன். விழுங்காதீங்க."

அவர் வைத்தார். வாயைச் சப்பினார். உடப்பிலும் உப்பு வாய்க்கால்கள் உண்டு. கடலோரத்துப் பிள்ளையின் நாவுக்கு எவரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இது லட்சுமி கறிக்குப் போடுற உப்பல்லோ."

எவரும் சிரிக்கவில்லை. முத்துலிங்கம் அபூசாலியைப் பார்த்தார்; அபூசாலி தரையைப் பார்த்தான். அவர் அவனோடு ஒரு சொல்லும் பேசவில்லை. மாலையை லொறியின் முன்னிருக்கையில் வைத்துவிட்டு, ஜுனைதாவின் எதிரே வந்து நின்றார்.

"இது போகட்டும் தங்கச்சி. நீ மறைக்காமச் சொன்னாய். அது பெரிய காரியம். ஆனா எனக்கு இப்ப வேற ஒண்டு இடிக்குது. என்ட கொட்டில்ல ரெண்டு நிக்குதே? அதுகளுக்கும் நீதான் ஓமெண்டாய். கடுதாசி ரெண்டையும் கண்ணாடி போட்டுச் சுவரில கொழுவி இருக்கிறன். சொல்லு. அதுகள் ஓமோ?"

ஜுனைதா வாயைத் திறந்தாள்.

அவ்விரண்டையும் அவள் நன்றாக அறிவாள். ஒன்றின் உப்பு நாவில் கைத்தது இப்போதும் நினைவிருந்தது. மற்றையது உப்பளம் காணாதது. அதன் அடிப்பூச்சை அவள் மூன்று இடத்திற் பார்த்தாள். ஆனால் அந்த மூன்று இடங்களை அவளுக்கு முன் பார்த்தவர் யார்? அன்று விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யார்? அவள் பார்த்தவை அங்கே இருந்தவையா, அவள் பார்ப்பதற்காக வைக்கப்பட்டவையா? அந்தக் கேள்வி இரண்டு ஜீப்போடு நிற்கவில்லை. கொழும்பிலும் சிலாபத்திலும் குருநாகலிலும் யார் யாருடைய சுவர்களிலோ அவளுடைய கையொப்பங்கள் தொங்கின. இத்தனை ஆண்டும் இலகுவாக வந்த ஒற்றைச் சொல் இப்போது வரவில்லை.

"அதுகள் அசல் ஐயா!" அபூசாலி ஓரடி முன்வந்தான். "வல்லாஹி, அதுகள் அசல்! இது ஒண்டுதான். இது ஒண்டே ஒண்டுதான்."

இறைவன் பெயரால் அவன் இட்ட ஆணை வெயிலில் தனித்து நின்றது. முத்துலிங்கம் திரும்பவில்லை. அவர் ஜுனைதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது அண்ணன்," என்றாள் அவள்.

"தெரியாதோ?"

"தெரியாது. திரும்ப முதல்ல இருந்து பாக்கணும். நாளைக்குக் காலையில வாறன். லட்சுமியக்கா வீட்டில இருப்பாவா?"

"இருப்பாள்." அவர் வேறு ஏதோ சொல்ல நினைத்து, அதை விடுத்து, "பஸ்ஸில வராத. மகளை அனுப்புறன் கூட்டிக்கொண்டு வர," என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

வெறும் லொறி வீதியில் ஏறி, உடப்புப் பக்கம் திரும்பிற்று.

அபூசாலி ஜீப்பின் மறுபக்கத்தில் நின்றான். கழற்றிய தகடு இருவருக்கும் நடுவே நிலத்திற் கிடந்தது.

"அந்த ரெண்டும் அசல் புள்ள," என்றான் மெதுவாக. "நீயாவது நம்பு."

"அசலாத்தான் இருக்கும்," என்றாள் ஜுனைதா. "போய்ப் பாத்துட்டுச் செல்றன். முந்தியெண்டா நீங்க செல்லினாக் காணும்."